எடுத்து வைத்த பூ

பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை என்றால் எனக்குக் கூரைக்கு மேல் வேலை. முன்னறையில் சீருடைத் துணி மூட்டை மூட்டையாக இருக்கும். அதற்கு நடுவில் ஒரு பாதை விட்டு, அந்தப் பாதையின் முடிவில் நானும் என் தையல் இயந்திரமும் இருப்போம். அந்த மாதத்தில் வீட்டில் சமையல் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

என் கெட்ட நேரம், நம் மண்ணின் செடிகள் பூப்பதும் அதே மாதம்தான். முதல் மழை இறங்கி, வெயில் கொஞ்சம் கண்ணைத் திறந்ததும், ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டதைப் போல எல்லாம் பூத்துவிடுமாம். என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் தாவரவியல் பூங்காவில் உள்நாட்டுச் செடிப் பகுதியில் வேலை பார்த்தவர். மலை மலையாய் ஏறி விதை பொறுக்கி வந்து, முளைக்க வைத்து, எண் போட்டு, பலகை நட்டு, அதுகளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் ஒரு நாள் காலை, காப்பித் தம்ளரோடு துணி மூட்டைகளுக்கு நடுவில் வந்து நிற்பார்.

"இன்னைக்கு வாயேன். சும்மா ஒரு மணி நேரம். எல்லாம் பூத்திருக்கு."

"இடுப்பளவு துணி கிடக்கு. பாத்தா தெரியலையா? அடுத்த வருஷம்."

"சரி. நீ வராட்டி என்ன, உனக்காக எடுத்து வைக்கிறேன்" என்று சிரிப்பார். பூவை யாராவது எடுத்து வைக்க முடியுமா? கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து, "ஆமா, எடுத்து வைங்க, வந்து சாப்பிடுறேன்" என்பேன். போகும்போது என் நூல் பெட்டியில் கைவிட்டு, அறுந்த நூல் துண்டுகளைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போவார். கேட்டால் செடி கட்ட என்பார். 'நூல் திருடர்' என்று பேரே வைத்திருந்தேன்.

இருபத்தாறு வருடம் இது நடந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் நான் இயந்திரத்தில்தான் இருந்தேன். தண்ணீர் ரொம்ப நேரமாக ஓடுகிறதே, மனுஷனுக்குப் பொறுப்பே இல்லையே என்று திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

*

இந்த வருடம் அந்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. நாற்றங்கால் தம்பி. அவரோடு பத்து வருடம் கூடவே வேலை பார்த்தவர். தம்பி என்கிறேனே தவிர வயது நாற்பத்தைந்து, தலையில் ஒரு முடி பாக்கியில்லை.

"அக்கா, அண்ணன் கடைசியா மலையில இருந்து கொண்டு வந்த விதை ஞாபகம் இருக்கா? பதினாலு விதை போட்டு ஒண்ணே ஒண்ணு முளைச்சுதே?"

ஞாபகம் இல்லாமலா? ஒன்பது வருடம் அந்தச் செடியின் புராணம்தான் எங்கள் வீட்டில். இலையைப் பார்த்து யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. பூத்தால்தான் தெரியும் என்றார்கள். அதுவும் பிடிகொடுக்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. 'இது பூக்கும்போது மட்டும் நீ துணிய தூக்கிப் போட்டுட்டு வந்தே ஆகணும்' என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். வாக்குக் கொடுப்பதற்கென்ன, கொடுத்திருந்தேன்.

"மொட்டு விட்டிருக்குக்கா. ஒரே ஒரு மொட்டு. நாளைக்குக் காலையில விரிஞ்சிடும்."

கையில் பாதி தைத்த ஒரு உடை. ஒரு பள்ளிக்கூடம் இந்த வருடம் சீருடை நிறத்தை மாற்றித் தொலைத்திருந்தது. அடிபட்ட மூன்றாம் நாள் தோலில் ஒரு நிறம் தெரியுமே, ஊதாவுமில்லாமல் சாம்பலுமில்லாமல், அந்த நிறம். நாற்பது உடை, சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். சின்னக் குழந்தைகளின் உடை. திங்கட்கிழமை பழைய சட்டையில் போய் நின்றால் குழந்தை அழும்.

"தம்பி, சனிக்கிழமை வரைக்கும் நகர முடியாதுப்பா. ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுறேன். அதுவரைக்கும் தாங்குமா?"

"நீங்க நிதானமா வாங்கக்கா. நான் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. என் தொழிலில் எடுத்து வைக்கிறேன் என்றால் எடுத்து வைக்கிறேன்தான். துணியை மடித்து, பெயர்ச்சீட்டுக் குத்தி, மேல்தட்டில் வைத்துவிட்டால் அதை எந்தக் கொம்பனும் தொட முடியாது. உரியவர் எப்போது வந்தாலும் அப்படியே கிடைக்கும். செடிக்காரர்களிடமும் ஏதோ ஒரு வழி இருக்கும், நிழல் போட்டு, தண்ணீர் தெளித்து, நான் வரும்வரை அதை நிறுத்தி வைப்பார்கள் என்று நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அந்தக் காயத்து நிறத் துணியைத் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். அதே நிறத்தில் மேற்கொண்டு பன்னிரண்டு உடை வேண்டும், அதைப் புதன்கிழமைக்குத் தந்தால் போதும் என்றார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகத் தெம்பில்லை. மகள் தூரத்து ஊரில் வேலையில் இருக்கிறாள். அதனால் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவருடைய ஒரே தங்கை. மருந்துக்கடையில் வேலை. வாய் ஓயாது. 'ரேடியோ' என்றுதான் அவர் கூப்பிடுவார். என் கல்யாண நாளிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது கிடையாது. அவர் போன பிறகு, எதற்குச் சண்டை போட்டோம் என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் ரேடியோ ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி இது, மேலெல்லாம் நூலு? ஒரு இடத்துக்குப் போறப்போ தட்டிட்டு வரக்கூடாதா?" தோளிலிருந்து ஒன்றைப் பிய்த்தாள்.

"விடு. டாக்டருக்குக் கழுத்துல குழாய் மாதிரி எங்களுக்கு இது" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"அண்ணன் சட்டையிலயும் எப்பவும் ஒட்டிட்டிருக்கும். செடி வேலையா தையல் வேலையான்னே தெரியாது" என்றாள். அப்புறம் ரேடியோ நாலு நிறுத்தம் வரை பாடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அவளைப் பார்க்கவில்லை.

பூங்கா வாசலில் கூட்டம். எல்லாம் ரோஜாப் பக்கம்தான். அங்கே நின்று போட்டோ எடுக்கத் தனியாக ஒரு வளைவே கட்டியிருக்கிறார்கள். உள்நாட்டுச் செடிப் பகுதி கடைசியில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இருந்தது. அம்புக்குறி போட்ட பலகையிலும் வண்ணம் உரிந்திருந்தது. அவர் இதைப் பற்றி மனு மேல் மனு போட்டது எனக்குத் தெரியும்.

உள்ளே நுழைந்தவுடன் நான் நின்றுவிட்டேன். இப்படி இருக்கும் என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான், இருபத்தாறு வருடமாக ஒருவர் தம்ளரும் கையுமாக நின்று அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார் என்று உறைத்தது. பெரிய பூ ஒன்றுமில்லை. எல்லாம் பொட்டு அளவு, சுண்டுவிரல் நகம் அளவு. பாறை இடுக்கில் மஞ்சளாக ஒன்று தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. ஆளுயரப் புதர் ஒன்றில் இலையே தெரியாத அளவுக்கு வெள்ளை. குனிந்தால்தான் தெரிகிற நீலம் ஒன்று. ஒவ்வொன்றின் காலடியிலும் பலகை, பலகையில் அவருடைய கையெழுத்து. 'ர' போடும்போது காலை நீளமாக இழுத்துவிடுவார், மளிகைச் சீட்டிலும் அப்படித்தான்.

"அண்ணி, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று ரேடியோ ஒவ்வொன்றாகப் போனில் பிடித்துக்கொண்டே போனாள். நான் ஒன்றிலும் நிற்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பூ. அதைப் பார்த்துவிட்டால், இத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒரு தடவையாவது வந்தேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நாற்றங்கால் தம்பி கை கழுவிக்கொண்டு எதிரே வந்தார். வேலி ஓரத்தில் இருந்த ஒரு செடியிடம் கூட்டிப்போனார். என் தோளுயரம். சாதாரணச் செடி, வழியில் பார்த்தால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். பலகையில் '417. பெயர் அறியப்படவில்லை' என்று இருந்தது. கிளை கிளையாகத் தேடினேன். உச்சிக் கிளையில் ஒரு இடத்தில் கத்தரித்த தடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"பூ எங்க தம்பி?"

"எடுத்து வச்சிருக்கேன்க்கா. உள்ள இருக்கு."

எனக்குப் புரிந்தது அரைகுறையாகத்தான். தொட்டியில் மாற்றி வைத்திருக்கிறாரோ, தண்ணீரில் போட்டிருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

*

அது ஒரு நீள அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள், பூச்சி மருந்து வாடை. மேசைமேல் இரண்டு மரச் சட்டங்களை வாரால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். தம்பி வாரைத் தளர்த்தினார். உள்ளே செய்தித்தாள் அடுக்கு. ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஈரத்தாளை இன்னைக்கு மாத்தணும். நீங்க வந்ததும் மாத்தலாம்னு வச்சிருந்தேன்."

தாளுக்கு நடுவில், ஒரு சாண் கிளையில், அது இருந்தது. தட்டையாக. தேயிலைத் தூள் நிறத்தில். தெருவில் யாரோ மிதித்துப் போன பூவுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"இதென்னப்பா பண்ணி வச்சிருக்கே?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "எடுத்து வைக்கிறேன்னு சொன்னியே!"

அந்த மனிதர் திகைத்துப்போனார். "அதான்க்கா எடுத்து வச்சிருக்கேன். எங்ககிட்ட எடுத்து வைக்கிறதுன்னா இதுதான். முதல் பூவை விரிஞ்ச அன்னைக்கே கத்தரிச்சு அழுத்தி வைக்கணும். இத வச்சுத்தான் பேரு கண்டுபிடிப்பாங்க. விட்டா அன்னைக்குச் சாயங்காலமே உதிர்ந்திருக்கும். அண்ணன் போட்ட சட்டம்தான் இது. இத்தனை வருஷத்துல வீட்ல சொல்லியிருப்பாரு, உங்களுக்குத் தெரியும்னுதான்..."

சொல்லித்தான் இருந்தார். வருடா வருடம் சொல்லியிருந்தார். நான்தான் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ரேடியோ என் தோளில் கை வைத்தாள். தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டு வந்தார், பிறகு அதைக் கொடுக்கவும் மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்தச் செடிக்கு நாங்க ஒரு பேரு வச்சிருந்தோம்க்கா. 'அடுத்த வருஷம்'. இந்த வருஷம் பூக்கும், இந்த வருஷம் பூக்கும்னு பாத்து ஏமாந்துட்டு, அண்ணன்தான் வச்சாரு. கேட்டா, 'வீட்லயும் ஒண்ணு இதே மாதிரி இருக்குடா'ன்னு சிரிப்பாரு."

சமாதானப்படுத்தத்தான் சொன்னார், பாவம்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்களேன்." ரேடியோவின் குரல் வேறுமாதிரி இருந்தது. அவள் திறந்திருந்த ஓர் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அட்டை அட்டையாக, ஒவ்வோர் அட்டையிலும் ஒரு காய்ந்த செடி. தண்டு நகராமல் நூலால் பிடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையலை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். பட்டன் தைத்து முடிக்கும்போது நூலை மூன்று சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுவோம். கல்யாணமான புதிதில் சட்டைக்குப் பட்டன் தைக்கக் கற்றுக்கொடு என்று பிடிவாதம் பிடித்தார். கற்றுக்கொண்ட பிறகு ஒரு பட்டனும் தைத்தவரில்லை. அதற்கும் திட்டியிருக்கிறேன்.

அட்டையின் கீழ்மூலையில் ஒரு சீட்டு. எண், இடம், நாள். 'நிறம்' என்று போட்டு, அதற்கு நேரே எழுத்து இல்லை. ஒரு நூல் துண்டு, அதே பட்டன் முடிச்சோடு.

"காஞ்சா பூவோட நிறம் போயிடும்க்கா" என்றார் தம்பி. "மஞ்சள்னு எழுதினா எந்த மஞ்சள்னு யாருக்குத் தெரியும்பாரு அண்ணன். அதனால பூ விரிஞ்சிருக்கிறப்பவே நூலை ஒண்ணொண்ணா பக்கத்துல பிடிச்சுப் பாத்து, ஒட்டுறதை முடிஞ்சு வச்சிடுவாரு. 'என் வீட்டுக்காரிகிட்ட இல்லாத நிறம் உலகத்துலயே இல்லைடா'ன்னு பெருமையடிப்பாரு."

நான் அட்டைகளைப் புரட்டினேன். பூ எதுவும் எனக்குத் தெரியவில்லை. நூல்கள் எல்லாம் தெரிந்தன. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குத் தைத்த சட்டையின் நூல். எதிர்வீட்டு டீச்சர் மூன்று முறை பிரித்துத் தைக்கச் சொன்ன உடுப்பின் பச்சை. வெளுத்துப்போகிறது என்று நான் கடைக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்த நூல்கண்டின் மிச்சம். ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. நான் வராத இருபத்தாறு வருடத்தையும் அந்த மனிதர் எனக்காக எடுத்து வைத்திருந்தார்.

அழுதேன். வெட்கம் பார்க்காமல் வாய்விட்டே அழுதேன். குழாயடியிலிருந்து அவரைத் தூக்கியபோது கூட இப்படி வரவில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு 417ஆம் எண் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தம்பியின் எழுத்தில், 'நிறம்: ஊதா' என்று இருந்தது.

"எந்த ஊதா?" என்றேன்.

"ஊதாதான்க்கா."

"என்கிட்ட பதினோரு ஊதா இருக்கு. எந்த ஊதா?"

அவர் தலையைத் தடவினார். "அண்ணன் போனப்புறம் நூல் தீந்துபோச்சு. உங்ககிட்ட வந்து கேக்கச் சங்கடமா இருந்துச்சு."

கைப்பையில் எப்போதும் ஒரு தகர டப்பா வைத்திருப்பேன், ஊசியும் நூல் துண்டுகளுமாக. மேசைமேல் கொட்டினேன். தம்பி ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது கொஞ்சம் சிவப்பு என்றார். இது பளபளப்பு அதிகம் என்றார். ஒன்றை எடுத்தார், யோசித்தார், வைத்துவிட்டார். அந்தப் பூவை விரிந்த நிலையில் பார்த்தது அந்த இரண்டு கண்கள்தான். அவரும் மறந்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைக்கா. இதுல இல்லை" என்று நிமிர்ந்தவர், என் முழங்கையைப் பார்த்து அப்படியே நின்றார். கிட்டே வந்தார். தொடலாமா என்று தயங்கி, விரலால் காட்டினார்.

"அக்கா, இது. இதேதான். வெயில் பட்டப்போ சரியா இந்த நிறம். அவ்வளவு அழகா இருந்துச்சுக்கா."

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த நூல். நாற்பது சீருடையின் நூல். வெள்ளிக்கிழமை காலை, இங்கே அது விரிந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த நூலைத்தான் சனியனே என்று திட்டி ஊசியில் கோத்துக்கொண்டிருந்தேன்.

ரேடியோ அதைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். இந்தத் தடவை நான் கையைத் தட்டிவிடவில்லை. ஊசியில் கோத்து, சீட்டில் 'ஊதா' என்ற சொல்லுக்கு மேலாகவே குத்தி இறக்கி, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நூல் சிறியது, முடிச்சு விழ இரண்டு தடவை ஆனது. தம்பி புதுத்தாள் மாற்றி, பூவையும் சீட்டையும் உள்ளே வைத்து வாரை இறுக்கினார்.

"அடுத்த வருஷமும் பூக்கும்க்கா. கட்டாயம் முன்னாடியே போன் பண்றேன்" என்றார் வாசலில். சரி என்று தலையாட்டினேன். அடுத்த வருடம் என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரேடியோ வீடுவரை கூடவே வந்தாள். இயந்திரத்தில் அந்த நூல் கோத்தபடியே இருந்தது. பக்கத்தில் வெட்டி வைத்த பன்னிரண்டு உடைகள். பழக்க தோஷம், போய் உட்கார்ந்துவிட்டேன். மிதியில் காலை வைத்தேன். மிதிக்க முடியவில்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்தேன். இத்தனை வருடத்தில் அந்த மாதத்தில் நான் வேலையைத் தள்ளி வைத்தது அன்றைக்குத்தான். திரும்பிப் பார்த்தேன். துணி மூட்டைகளுக்கு நடுவில், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில், ரேடியோ இரண்டு தம்ளர் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள்.